வேக்யூம் கிளீனரா, ஸ்டீம் மாப்பா, ரோபோவா? உங்க வீட்டுத் தரைக்கு எது சரிவரும்? ராசிபுரத்திலிருந்து ஒரு முழு விளக்கம்

வீட்டைப் பெருக்கித் துடைத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. டிவி ஸ்டாண்டு மேல விரலை வச்சு இழுத்தா கோடு விழும். ராசிபுரம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது தினசரி அனுபவம்.

சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகள் கிளப்பும் புழுதி, ஆடிக் காற்றில் வந்து இறங்கும் செம்மண், வெண்ணந்தூர் பக்கம் தறி ஓடும் வீடுகளில் பறக்கும் பஞ்சு, நாமகிரிப்பேட்டை பக்கம் மஞ்சள் சீசனில் படியும் தூள் என ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தூசி இருக்கிறது.

ஆயுத பூஜை, தீபாவளி, போகி வந்தால் வீடு முழுக்கச் சுத்தம் செய்யும் வேலை. அதே சமயத்தில்தான் ஆஃபர் விளம்பரங்களும் வரும். 'ஒரே மிஷின், மொத்த வீடும் பளபள' என்கிறார்கள். 5,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாய்க்கு மேலும் மிஷின்கள் இருக்கின்றன. ஆசைப்பட்டு வாங்கி, நாலு தடவை ஓட்டிவிட்டு, பரண் மேல ஏற்றி வைத்த வீடுகளும் நிறைய.

பணம் போவது மட்டும் பிரச்னை இல்லை. தப்பான மிஷினும் தப்பான திரவமும் சேர்ந்தால் மொசைக் தரையின் பளபளப்பு நிரந்தரமாகப் போய்விடும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மூச்சுத்திணறல் கூடும். ஈரத் தரையில் பெரியவர்கள் வழுக்கி விழும் ஆபத்தும் இருக்கிறது. அதனால் வாங்குவதற்கு முன்னால் இதைப் படிச்சிடுங்க.

சுருக்கமாக:

- தரையில் இருப்பதில் பெரும்பகுதி உலர்ந்த தூசி. அதை உலர்ந்த நிலையிலேயே எடுத்துவிட்டு, அப்புறம்தான் தண்ணீர்.
- அதனால் முதல் செலவு உறிஞ்சும் மிஷினுக்கு. துடைக்கும் மிஷின், ஸ்டீம், ரோபோ எல்லாம் அதற்குப் பிறகு.
- வாட்ஸ் என்பது மிஷின் சாப்பிடும் கரண்ட். உறிஞ்சும் திறன் வேறு.
- உங்கள் தரை எது, தண்ணீர் எது என்று தெரியாமல் மிஷினைத் தேர்வு செய்யாதீர்கள்.

பெருக்கினாலும் தூசி ஏன் போக மாட்டேங்குது?

துடைப்பம் பெரிய குப்பையை நன்றாகத் தள்ளும். முடி, காகிதம், மணல், அரிசி எல்லாம் வந்துவிடும். ஆனால் நுண்ணிய தூசி துடைப்பத்தின் வீச்சில் மேலே கிளம்பும். ஃபேன் ஓடினால் இன்னும் மேலே போகும். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய துகள்கள் மணிக்கணக்கில் காற்றிலேயே மிதந்து, மெதுவாக மறுபடியும் தரையிலும் சோபாவிலும் படியும். நம்ம மூக்குக்குள் போவதும் இதுதான்.

அடுத்த தப்பு துடைக்கும்போது நடக்கிறது. தூசி முழுசாகப் போகாத தரையில் ஈர மாப் போட்டால், அந்தத் தூசி சேறாக மாறி டைல்ஸ் இடுக்கிலும் மொசைக்கின் நுண் துளைகளிலும் போய் உட்காரும். புது வீட்டில் வெள்ளையாக இருந்த டைல்ஸ் ஜாயின்ட் இரண்டே வருஷத்தில் கறுப்பாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆழமான சுத்தம் என்றால் நிறைய தண்ணீர், நிறைய சோப்பு என்று நினைக்கிறோம். உண்மையில் முதல் கட்டம், தூசியைக் கிளப்பாமல் எடுத்து, ஒரு டப்பாவுக்குள்ளோ பைக்குள்ளோ அடைத்து வெளியேற்றுவது. அதைச் செய்வதற்காகத்தான் வேக்யூம் கிளீனர் வந்தது.

கார்ப்பெட் வீடுகளுக்காக வந்த மிஷின்

1901-ல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் உருவாக்கிய மிஷினைக் குதிரை வண்டியில் கொண்டு வந்து தெருவில் நிறுத்துவார்கள். நீளமான குழாய்களை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் விட்டுத் தூசியை உறிஞ்சுவார்கள்.

கையால் தள்ளும் மிஷினுக்கு 1908-ல் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர். ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்தவர். ஆஸ்துமா உள்ள அவருக்குத் துடைப்பம் கிளப்பிய தூசி ஒத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் அந்த மிஷினை அவரே செய்தார். அதன் உரிமை பிறகு ஹூவர் குடும்பத்துக்குப் போனது.

இந்தியாவில் 1982-ல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ், டை கட்டிய விற்பனைப் பிரதிநிதிகளை வீடு வீடாக அனுப்பி டெமோ காட்டி வேக்யூம் கிளீனரை நடுத்தரக் குடும்பங்களுக்குக் கொண்டு போனது.

இந்த வரலாறு எதற்கு? இந்த மிஷின்கள் முதலில் வடிவமைக்கப்பட்டது தரை முழுக்கக் கார்ப்பெட் விரித்த குளிர்நாட்டு வீடுகளுக்காக. நம்ம வீட்டில் இருப்பது வெறும் தரை. கார்ப்பெட்டுக்கு உதவும் சுழலும் பிரஷ் நம்ம டைல்ஸில் கல்லையும் மணலையும் தூக்கி அடிக்கும். அதனால் மிஷினோடு 'ஹார்ட் ஃப்ளோர்' தலை வருகிறதா, பிரஷ்ஷை நிறுத்தும் வசதி இருக்கிறதா என்பதுதான் நமக்கு முதல் கேள்வி.

முதலில் உங்க தரை என்னன்னு பாருங்க

ரெட் ஆக்சைடு தரை: பழைய ஓட்டு வீடுகளிலும் மச்சு வீடுகளிலும் உள்ள சிவப்பு சிமென்ட் தரை. ஆசிட் பட்டால் நிறம் போகும். வாக்ஸ் போட்டு மினுக்கிய தரை என்றால் சூடான நீராவி அந்த வாக்ஸைக் கிளப்பிவிடும். இதற்கு ஸ்டீம் மாப் வேண்டாம். உறிஞ்சிவிட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

மொசைக், மார்பிள்: மொசைக்கில் இருப்பதும் பெரும்பாலும் மார்பிள் சில்லுதான். மார்பிள் என்பது சுண்ணாம்புக்கல் வகை. டாய்லெட் ஆசிட், எலுமிச்சை, வினிகர் எது பட்டாலும் அரிக்கும். அரித்த இடம் மங்கிப் போனால் எந்த மிஷினாலும் திரும்பாது. மறுபடியும் பாலிஷ் போடும் ஆட்களைத்தான் கூப்பிட வேண்டும்.

கிரானைட்: கடினமான கல். கீறல் விழுவது குறைவு. எண்ணெய்க் கறை ஊறும் என்பதால் சமையலறையில் உடனே துடைக்க வேண்டும்.

விட்ரிஃபைட், செராமிக் டைல்ஸ்: எல்லா மிஷினும் ஓட்டலாம். ஆனால் டைல்ஸ் தாங்கும் ஆசிட்டை நடுவில் உள்ள சிமென்ட் ஜாயின்ட் தாங்காது.

மரத் தரை, வினைல் ஷீட்: வாடகை வீடுகளிலும் கடைகளிலும் இப்போது வினைல் ஒட்டுகிறார்கள். சூடு பட்டால் பசை இளகி ஓரம் கிளம்பும். இரண்டுக்குமே ஸ்டீம் ஆகாது.

எந்த மிஷின் எந்த வேலைக்கு?

கீழே உள்ள விலைகள் தோராயமானவை. பிராண்ட், சீசனைப் பொறுத்து மாறும்.

1. டிரம் வகை வெட் அண்ட் டிரை வேக்யூம் (சுமார் 4,000 - 10,000 ரூபாய்)

15 முதல் 30 லிட்டர் கொள்ளளவு. தூசியும் எடுக்கும், சிந்திய தண்ணீரும் எடுக்கும். பெரும்பாலான மாடல்களில் காற்று ஊதும் வசதியும் உண்டு. ஜன்னல் ஓரம், ஏசி வெளி யூனிட், கார் சீட், தறி மேல் படிந்த பஞ்சு என எல்லாவற்றுக்கும் உதவும். கொஞ்சம் பெரியது, சத்தமும் அதிகம். ஆனால் நம்ம ஊர் வீடுகளுக்குக் கொடுத்த காசுக்கு அதிக வேலை செய்வது இதுதான்.

ஒரு எச்சரிக்கை. தூசிக்கு ஒரு ஃபில்டர், தண்ணீருக்கு இன்னொரு ஃபில்டர். தண்ணீர் எடுப்பதற்கு முன் காகிதப் பை, துணி ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஸ்பாஞ்சு மாட்ட வேண்டியிருக்கும். மாடலுக்கு மாடல் முறை மாறும், கையேட்டைப் பாருங்க. 'டிரை' என்று மட்டும் போட்டிருக்கும் மிஷினில் ஒரு சொட்டுத் தண்ணீரும் உறிஞ்சக் கூடாது. மோட்டார் போகும், ஷாக்கும் அடிக்கலாம்.

2. பை வைத்த கேனிஸ்டர் வேக்யூம் (சுமார் 5,000 - 15,000 ரூபாய்)

சின்னச் சக்கரம் வைத்து இழுத்துக்கொண்டு போகும் வகை. ஆஸ்துமா, அலர்ஜி உள்ள வீட்டுக்கு இது நல்லது. நிரம்பியதும் பையோடு தூக்கிப் போட்டுவிடலாம். பை இல்லாத மிஷினில் டப்பாவைத் தட்டும்போது பாதித் தூசி மறுபடியும் முகத்துக்கே வரும். ஆனால் பை தொடர்ந்து கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்க.

3. கார்ட்லெஸ் ஸ்டிக் (சுமார் 8,000 - 50,000 ரூபாய்)

எடை குறைவு, ஒயர் தொல்லை இல்லை. மாடிப்படிக்கும் கட்டிலுக்கு அடியிலும் வசதி. ஆனால் '60 நிமிடம் ஓடும்' என்ற விளம்பரம் குறைந்த வேகத்துக்கானது. முழு வேகத்தில் பல மாடல்கள் 10 நிமிடத்தை ஒட்டியே நிற்கும். சில வருடம் கழித்து பேட்டரி மாற்றும் செலவும் வரும். பேட்டரியைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா என்று பாருங்க.

4. ஃப்ளோர் வாஷர் (சுமார் 15,000 - 50,000 ரூபாய்)

சுழலும் ஈர ரோலர், நல்ல தண்ணீருக்கு ஒரு டேங்க், அழுக்குத் தண்ணீருக்கு இன்னொரு டேங்க். டைல்ஸ் தரைக்கு அருமை. வாளித் தண்ணீரில் மாப்பை முக்கி முக்கி அதே அழுக்கைத் திரும்பப் பூசும் பிரச்னை இதில் இல்லை. தரை சீக்கிரம் காய்வதால் வழுக்குவதும் குறையும். ஒவ்வொரு தடவையும் ரோலரையும் அழுக்கு டேங்கையும் கழுவிக் காய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் நாளே நாற்றம் அடிக்கும்.

5. ஸ்டீம் மாப் (சுமார் 5,000 - 12,000 ரூபாய்)

தண்ணீரைச் சூடாக்கி நீராவியாக விடும். சமையலறைப் பிசுக்கு, பாத்ரூம் டைல்ஸுக்கு உதவும். தூசியை எடுக்காது. புழுதித் தரையில் ஸ்டீம் போட்டால் சுடுசேறுதான் மிஞ்சும். உறிஞ்சிய பிறகே இதை ஓட்ட வேண்டும்.

6. ரோபோ (சுமார் 12,000 - 60,000 ரூபாய்)

தினமும் ஓடினால் தூசி சேராமல் பார்த்துக்கொள்ளும். ஆழமான சுத்தத்துக்கு ஆகாது. பெரும்பாலான ரோபோக்கள் 2 சென்டிமீட்டர் அளவு உயரம்தான் ஏறும். நிலைப்படி வைத்த பழைய வீட்டில் ஒவ்வொரு அறைக்கும் நீங்கதான் தூக்கி விட வேண்டும். தரையில் பாய், குழந்தை பொம்மை, சார்ஜர் ஒயர் கிடந்தால் சிக்கி நிற்கும். வாங்கும் முன் ஒரு ஸ்கேலை எடுத்து நிலைப்படி உயரத்தையும் கட்டிலுக்கு அடியில் உள்ள இடைவெளியையும் அளந்து பாருங்க.

7. பிரஷர் வாஷர் (சுமார் 5,000 - 12,000 ரூபாய்)

போர்டிகோ, வாசல், மொட்டை மாடி, வண்டி கழுவுவதற்கு மட்டும். வீட்டுக்குள் வேண்டாம். விரிசல் விட்ட தளத்தில் அடித்தால் தண்ணீர் உள்ளே இறங்கி ஒழுக ஆரம்பிக்கும்.

வாட்ஸைப் பார்த்து ஏமாறாதீங்க

போர் போட்டு மோட்டார் இறக்கும்போது எத்தனை ஹெச்பி மோட்டார் என்று மட்டுமா பார்க்கிறோம்? எத்தனை இன்ச் தண்ணி வருதுன்னுதானே கேட்போம். வேக்யூம் கிளீனரிலும் அதே கணக்குதான். 1,600 வாட் என்பது மிஷின் எடுக்கும் கரண்ட். டிசைன் சரியில்லை என்றால் அதில் பாதி சூடாகவும் சத்தமாகவும் வீணாகும்.

ஐரோப்பிய ஒன்றியம் வீட்டு வேக்யூம் கிளீனர்களுக்கு 2014 செப்டம்பரில் 1,600 வாட் என்று உச்சவரம்பு போட்டது. 2017 செப்டம்பரில் அதை 900 வாட் ஆகக் குறைத்தது. அதற்குள் அடங்கும் மிஷின்களும் கார்ப்பெட்டை நன்றாகவே சுத்தம் செய்கின்றன. அப்படி என்றால் அதிக வாட்ஸ் அதிக சுத்தம் என்ற கணக்கு தப்பு.

பெட்டியில் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, உறிஞ்சும் அழுத்தம். இது கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். இன்னொன்று, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று இழுக்கிறது என்பது. இரண்டும் சேர்ந்ததைத்தான் 'ஏர் வாட்' என்கிறார்கள்.

இங்கே ஒரு சின்ன விளம்பரத் தந்திரமும் இருக்கு. ரோபோ விளம்பரத்தில் '5,000 பாஸ்கல்' என்று பெரிய எண்ணாகப் போடுவார்கள். டிரம் வேக்யூமில் '20 கிலோபாஸ்கல்' என்று சின்ன எண்ணாக இருக்கும். ஒரு கிலோபாஸ்கல் என்றால் 1,000 பாஸ்கல். அதாவது 5,000 என்பது 5, மற்றது 20. அழுத்தத்தில் நாலு மடங்கு வித்தியாசம்.

ஹெப்பா ஃபில்டர் கட்டாயமா?

வீட்டில் ஆஸ்துமா, சைனஸ், தூசி அலர்ஜி இருந்தால் கட்டாயம். எச்13 தர ஹெப்பா ஃபில்டர், பிடிக்கவே கடினமான அளவுள்ள நுண்துகள்களிலும் 99.95 சதவீதத்தைத் தடுக்கும். ஆனால் ஃபில்டர் மட்டும் நல்லதாக இருந்தால் போதாது. மூடியின் இடுக்கு வழியாகக் காற்று கசிந்தால் தூசியும் அதே வழியில் வெளியே வரும். கடையில் மிஷினை ஓடவிட்டு, மூடி சேரும் இடத்தில் கையை வைத்துப் பாருங்க. அங்கே காற்று அடித்தால் அந்த மாடல் வேண்டாம்.

'ஹெப்பா டைப்', 'ஹெப்பா போன்றது' என்று எழுதியிருந்தால் அது ஹெப்பா இல்லை. எச்13 போன்ற தரக் குறியீடு இருக்கிறதா என்று தேடுங்க.

நம்ம வீட்டு ஃபில்டருக்கு முதல் எதிரி கோலமாவு. கல்மாவு, விபூதி, சிமென்ட் தூள் போன்ற மெல்லிய பொடிகள் ஃபில்டரின் துளைகளைச் சீக்கிரம் அடைத்துவிடும். இவற்றை ஈரத் துணியால் எடுப்பது நல்லது. சாம்பிராணிக் கரி, கொசுவத்திச் சாம்பல் போன்றவை ஆறியதுபோலத் தெரிந்தாலும் உள்ளே கனல் இருக்கும். மிஷினுக்குள் போனால் பை தீப்பிடிக்கலாம்.

கார்ப்பெட், ஜமக்காளம், மெத்தை: மூன்றும் ஒன்று இல்லை

நம்ம ஊர் ஹாலில் அறை முழுக்கக் கார்ப்பெட் இருப்பது அபூர்வம். சோபாவுக்கு முன்னால் ஒரு விரிப்பு, விசேஷத்துக்கு ஜமக்காளம், வாசலில் மிதியடி, படுக்க மெத்தை அல்லது கோரைப்பாய். ஒவ்வொன்றுக்கும் முறை வேறு.

ஜமக்காளம்: புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளம் போன்றவை தட்டையான நெசவு. அதில் கார்ப்பெட் மாதிரி எழுந்து நிற்கும் நூல் இல்லை. அதனால் தூசி ஆழமாக இறங்காது. கொடியில் போட்டுத் தட்டி, சோபா தலையால் இரண்டு பக்கமும் உறிஞ்சினால் போதும். சாயம் இறங்கும் என்பதால் சுடுதண்ணீரும் ஸ்டீமும் வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்க.

நூல் எழுந்து நிற்கும் கார்ப்பெட்: மணல் அடி வரை இறங்கும். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் அது நூலின் அடியை அறுக்கும். இதற்குத்தான் சுழலும் பிரஷ் தேவை. வேகமாகத் தேய்க்காமல் மெதுவாக, நெடுக்காக ஒரு முறை, குறுக்காக ஒரு முறை. கம்பளி, பட்டுக் கார்ப்பெட், நூல் வளையம் வளையமாக இருக்கும் வகை ஆகியவற்றில் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு உறிஞ்சுங்க. இல்லாவிட்டால் நூல் இழுத்துக்கொண்டு வரும்.

கறை படிந்த கார்ப்பெட், துணி சோபா: தண்ணீரைப் பீய்ச்சி உடனே திரும்ப உறிஞ்சும் 'ஸ்பாட் கிளீனர்' மிஷின் தனியாக இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவைதான் வேலை என்றால் வாங்குவதைவிட, சேலத்திலிருந்தோ நாமக்கல்லிலிருந்தோ ஆள் வரவழைப்பது லாபம். யார் செய்தாலும் ஒரு விதி: முதலில் உலர் தூசியை எடுக்க வேண்டும், ஈரம் 24 மணி நேரத்துக்குள் முழுசாகக் காய வேண்டும். அதைத் தாண்டி ஈரமாகவே கிடந்தால் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். ஐப்பசி மழையில் இந்த வேலையை வைக்காதீங்க.

மெத்தை: தூசிப் பூச்சி எனப்படும் நுண்ணுயிர்கள் மெத்தையிலும் தலையணையிலும்தான் அதிகம். அவற்றின் கழிவுதான் பலருக்கு அலர்ஜியைக் கிளப்புகிறது. இலவம்பஞ்சு மெத்தையை நனைக்கவே கூடாது. மெத்தை தலையால் உறிஞ்சி, நல்ல வெயிலில் திருப்பித் திருப்பிப் போடுங்க. துவைக்கக்கூடிய உறை, போர்வைகளை 60 டிகிரி சுடுநீரில் துவைத்தால் பூச்சிகள் சாகும்.

உப்புத் தண்ணி பிரச்னை

சேலம், நாமக்கல் பகுதியில் பல வீடுகளில் போர் தண்ணீர் கடினத்தன்மை கொண்டது. குழாய் முனையில் வெள்ளை படிவது அதன் அடையாளம். குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி.

இந்தத் தண்ணீரை ஸ்டீம் மாப்பில் ஊற்றினால் டீ கெட்டிலில் படிவது போல உள்ளே சுண்ணாம்பு படிந்து நீராவித் துளை அடைத்துக்கொள்ளும். ஸ்டீம் மாப் டேங்க் பொதுவாக அரை லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதற்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர் அல்லது காவிரிக் கூட்டுக் குடிநீர் ஊற்றுங்க. மழைத் தண்ணீரையும் வடிகட்டி ஊற்றலாம்.

துடைத்த பிறகும் தரை பிசுபிசுன்னு இருக்கா? உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாகக் கரையாமல் தரையில் படலமாகத் தங்குகிறது. அந்தப் பிசுக்கில் அடுத்த தூசி இன்னும் சீக்கிரம் ஒட்டும். லிக்விடை அதிகமாக்காமல் பாதியாகக் குறைத்து, கடைசியாக ஒரு முறை வெறும் தண்ணீரில் துடைத்துப் பாருங்க. ஃப்ளோர் வாஷரிலும் ரோபோவிலும் பினாயில், நுரை வரும் சோப்பு எதையும் ஊற்றாதீர்கள். நுரை மோட்டாருக்குள் போய்விடும்.

உயிருக்கே ஆபத்தான ஒன்றும் உண்டு. டாய்லெட் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எந்தக் காரணத்துக்கும் சேர்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் விஷவாயு வரும். மூடிய பாத்ரூமில் சில நிமிடங்களே போதும், மூச்சு முட்டிவிடும்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

1,400 வாட் மிஷினை அரை மணி நேரம் ஓட்டினால் 0.7 யூனிட். வாரம் மூன்று முறை என்றால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 18 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்பதால், பில் எந்தப் படிநிலையில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்க.

அதைவிட முக்கியம் பிளக் பாயின்ட். 6 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்ட்டில் தாங்குவது அதிகபட்சம் 1,380 வாட். அதைத் தாண்டிய மிஷினை 16 ஆம்பியர் பாயின்ட்டில்தான் போட வேண்டும். டிவிக்குப் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் ஒயர் உருகும். தண்ணீர் எடுக்கும் மிஷின் என்றால் வீட்டில் எர்த்திங் சரியாக இருக்கிறதா, கசிவு வந்தால் டிரிப் ஆகும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பது நல்லது.

எந்த வீட்டுக்கு எது?

- சின்ன வாடகை வீடு, டைல்ஸ் தரை: பெரிய மிஷின் தேவையில்லை. நல்ல ஸ்பின் மாப், ஒரு சின்ன கேனிஸ்டர் வேக்யூம் போதும்.
- ஆஸ்துமா உள்ள குழந்தை அல்லது பெரியவர் இருக்கும் வீடு: பை வைத்த, எச்13 ஹெப்பா கேனிஸ்டர். ஓட்டும்போது அவர்கள் அந்த அறையில் இருக்க வேண்டாம்.
- தறி வீடு, சாலையோர வீடு, கார் உள்ள வீடு: 20 லிட்டருக்குக் குறையாத வெட் அண்ட் டிரை. பஞ்சு அதிகம் என்றால் சுழலும் பிரஷ் வேண்டாம், சுற்றிக்கொள்ளும்.
- பழைய ரெட் ஆக்சைடு, மொசைக் வீடு: வேக்யூமும் பிழிந்த துணியும். ஆசிட் வேண்டாம். வாக்ஸ் போட்ட தரை என்றால் ஸ்டீமும் வேண்டாம்.
- இருவரும் வேலைக்குப் போகும், நிலைப்படி இல்லாத பெரிய டைல்ஸ் வீடு: தினமும் ரோபோ, வாரம் ஒருமுறை டிரம் வேக்யூம். பட்ஜெட் ஒன்றுக்குத்தான் என்றால் வேக்யூமை முதலில் வாங்குங்க.
- முதுகுவலி, மூட்டுவலி உள்ளவர் சுத்தம் செய்யும் வீடு: எடையைத் தூக்கிப் பார்த்து வாங்குங்க. குனியாமல் ஓட்டும் நீளத்துக்குக் குழாய் இருக்க வேண்டும்.

கடையில் இதைக் கேளுங்க

1. தரைக்கும் சோபாவுக்கும் தனித்தனித் தலை பெட்டியிலேயே வருமா, தனியாக வாங்கணுமா?
2. ஃபில்டர், பை, ரோலர் விலை என்ன? ராசிபுரத்தில் கிடைக்குமா, சேலம் போகணுமா?
3. சர்வீஸ் ஆள் வீட்டுக்கு வருவாரா, மிஷினை நாம் தூக்கிக்கொண்டு போகணுமா?
4. வாரண்டி முழு மிஷினுக்கா, மோட்டாருக்கு மட்டுமா? பேட்டரிக்கு எத்தனை மாதம்?
5. ஒயரும் குழாயும் சேர்த்து எத்தனை மீட்டர் எட்டும்?

முடிந்தால் ஒரு சின்னக் கவரில் உங்க வீட்டு மண்ணும் கொஞ்சம் தலைமுடியும் கொண்டு போங்க. கடையில் உள்ள மிதியடியில் தூவி, ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. விளம்பர வீடியோவைவிட அந்த ஒரு நிமிட டெமோ நிறையச் சொல்லும்.

பில், வாரண்டி கார்டு இரண்டையும் போட்டோ எடுத்து வைங்க. குறையுள்ள பொருளைக் கொடுத்துவிட்டு மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஆன்லைனில் வாங்கிய பொருளானாலும், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ராசிபுரத்துக்காரர்கள் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது.

வாங்கும் முன் ஒரு டெஸ்ட்

இன்னும் குழப்பமா? பக்கத்து வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ உள்ள வேக்யூம் கிளீனரை ஒரு நாள் கேட்டு வாங்குங்க. காலியான, சுத்தமான டப்பாவோடு வாங்குங்க. உங்க வீட்டை வழக்கம்போலப் பெருக்கித் துடைத்துக் காய்ந்த பிறகு, ஹாலின் ஒரு மூலையையும் மெத்தையையும் ஐந்து நிமிடம் உறிஞ்சுங்க. டப்பாவைத் திறந்து பாருங்க.

டப்பாவில் ஒன்றுமே இல்லை என்றால் உங்க துடைப்பமே நல்லா வேலை செய்யுது, காசு மிச்சம். ஒரு கைப்பிடி சாம்பல் நிறத் தூசி இருந்தால், தினமும் சுத்தம் செய்ததாக நினைத்த வீட்டில் நீங்களும் குழந்தைகளும் சுவாசித்தது அதைத்தான். அப்போது மிஷின் வாங்குங்க. திருப்பிக் கொடுக்கும்போது அந்த டப்பாவைக் கழுவிக் காய வைத்துக் கொடுத்துடுங்க.